ரூடி வாங்கிய கர்ப்பக் குச்சிகள்

என் தம்பி ரூடி இரும்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவன். பல் வலித்தால் டாக்டரைத் தேடமாட்டான், குறடு தேடுவான். விரையில் கட்டி தட்டுப்பட்டபோதும், பனியில் ஓட்டும் ஸ்கூட்டரில் குதித்ததில் அடிபட்டிருக்கும் என்று ஐந்து மாதம் ஐஸ் வைத்துக்கொண்டு திரிந்தான். கடைசியில் அவன் மனைவி கோரின்தான் திட்டித் தீர்த்து துலூத் நகரத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

அந்த வாரமே ஒரு விரையை எடுத்துவிட்டார்கள். சோதித்ததில் புற்றுநோய். வயிறு, நெஞ்சு ஸ்கேனில் எதுவும் இல்லை. தப்பித்தோம் என்று நான் அழுதேன். டாக்டர் அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

"ஸ்டேஜ் இன்னும் சொல்ல முடியாது. ரத்தத்துல ஏறிக் கிடக்கிற ஹார்மோன் அளவு இனிமே இறங்கணும். முழுசா இறங்கிட்டா முதல் ஸ்டேஜோட நின்னுடுச்சு. இறங்கலைன்னா, ஸ்கேனுக்குத் தப்பி எங்கேயோ இருக்குன்னு அர்த்தம். ரெண்டு வாரம் கழிச்சு ரத்தம் எடுப்போம்."

அவனுக்கு ஏறியிருந்தது கர்ப்பிணிகளுக்கு ஏறுகிற அதே சரக்கு என்று நர்ஸ் சொல்லித் தொலைத்தாள். மறுநாள் காலை, நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் வந்து நின்றான்.

"கர்ப்பம் பாக்குற குச்சி ஒண்ணு குடுக்கா."

எனக்கு மனசு துள்ளியது. "கோரினுக்காடா?"

"எனக்கு."

"லூசு. அது ஆமா, இல்லைன்னுதான் சொல்லும். அளவெல்லாம் சொல்லாது."

"கோடு மங்குதான்னு பாத்துக்கறேன். ரெண்டு வாரம் சும்மா உக்காந்திருக்க என்னால முடியாதுக்கா."

தினமும் வந்தான். "உன் தம்பிக்கு எத்தனை வீடு?" என்று வரிசையில் நின்ற ஒருத்தி கேட்டாள். அவள் மருந்தை மேஜையில் அறைந்து வைத்தேன்.

குச்சிகளில் தேதி எழுதி அவன் வீட்டு அடுக்களை ஜன்னலில் வரிசையாக வைத்தான். மூன்றாம் நாள், கர்ப்பம் என்று காட்டும் இரண்டாவது கோடு கொஞ்சம் மங்கியது. ஆறாம் நாள் இன்னும் மங்கியது. அன்றைக்கு கோரின் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நாலு வருஷமா அந்த ரெண்டாவது கோடு வரணும்னு கெஞ்சினேன் அண்ணி. இப்ப போயிடுன்னு கெஞ்சிட்டிருக்கேன்."

அதற்கப்புறம் கோடு மங்கவே இல்லை. பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அந்த ஜன்னலோரம் இரண்டு குச்சிகளை என் முன்னால் நீட்டினான்.

"எதுல கோடு கெட்டிக்கா? என் கண்ண நம்ப முடியல."

புதியதுதான் கெட்டி. "வெளிச்சம் சரியில்லடா," என்றேன். கோழை நான்.

கோரின் இரண்டையும் வாங்கிப் பார்த்தாள். "இன்னைக்கு எடுத்ததுதான் கெட்டி," என்றாள்.

இரண்டு நாளில் ஆஸ்பத்திரி ரத்தச் சோதனையும் அதையே சொன்னது. அளவு ஏறியிருந்தது. கீமோ கொடுத்தாக வேண்டும், குணமாகிறவர்கள்தான் அதிகம் என்றார் டாக்டர். ரூடி காதில் எதுவும் ஏறவில்லை.

"எங்க இருக்குன்னு சொல்லுங்க. அதையும் வெட்டிடுங்க."

"தெரியல ரூடி. தெரியாததாலதான் உடம்பு முழுக்க மருந்து குடுக்கறோம்."

அவன் வயிற்றில் கை வைத்து அழுத்தினான். "இங்கயா?" நெஞ்சில் வைத்தான். "இங்கயா?" கழுத்தில் வைத்தான். கோரின் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தான்.