தறப்பாளுக்குள் ஒரு பொட்டு

களுவாஞ்சிக்குடிச் சந்தையில் நேற்று ஒரு கடைக்குக் கூரையாக நீலத் தறப்பாள் கட்டியிருந்தார்கள். அதன் கீழே குவித்திருந்த தக்காளி எல்லாம் கறுத்துத் தெரிந்தது. ஒன்றை வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். நல்ல சிவப்பு.

சுனாமிக்குப் பிறகு நாங்கள் இருந்த கொட்டிலும் நீலத் தறப்பாள்தான். வெயில் அதற்குள் நீலமாகத்தான் இறங்கும். சோறு, பாய், எங்கள் கைகால் எல்லாம் நீலம். சுனாமியன்று கடற்கரைக்கு வலை இழுக்கப் போன அப்பா திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அம்மா தினமும் குளித்து, குங்குமம் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“அம்மா, உங்கட பொட்டு கறுப்பாக் கிடக்கு” என்றேன் ஒருநாள். கல்யாணமானவர்களில் புருஷனை இழந்தவர்கள்தான் கறுப்புப் பொட்டு வைப்பார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

அம்மா எழும்பி வெளியே ஓடினார். வெயிலில் நின்று, “இப்ப பார் மகள், என்ன நிறம்?” என்றார்.

“சிவப்பு.”

அன்றிலிருந்து பொட்டு வைத்ததும் என்னை வெளியே கூட்டிப்போய்க் கேட்பார். நான் சிவப்பு என்று சொன்ன பிறகுதான் அடுப்பு மூட்டுவார்.

ஒரு பின்னேரம், அப்பாவோடு வலை இழுத்த மாமா ஒருவர் வந்தார். அப்பாவை அலை இழுத்துப்போனதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொல்லி அழுதார். அம்மா அழவில்லை. மறுநாள் காலையிலும் குளித்துக் குங்குமம் வைத்தார். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன்.

“வாங்கம்மா, வெயிலுக்குப் போவம்.”

“வேணாம் மகள். இஞ்சயே இருப்பம்.”

“எடுக்கிறீங்களா பிள்ள?” என்றார் கடைக்காரர். தக்காளியைக் குவியலில் திரும்ப வைத்தேன். அது மறுபடியும் கறுத்தது.