ஆட்சேபணை இல்லை

யுத்த காலத்தில், தனியார் வீடுகளைச் சர்க்கார் உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ளும் மயிலாப்பூர் ஆபீஸ் ஒன்றில் நான் குமாஸ்தா. முதல் நாளே எங்கள் அதிகாரி எனக்கு முழு வேலையையும் கற்றுக்கொடுத்துவிட்டார்.

"ஃபைல்ல என்ன இருக்குன்னு கதை சொல்லாதே. கையெழுத்து எங்கேன்னு மட்டும் காட்டு."

நான் விரலால் காட்டுவேன், அவர் போடுவார். காபி ஆறுவதற்குள் ஒரு தெருவே காலியாகும். அப்பேர்ப்பட்ட சுறுசுறுப்பு.

அப்படித்தான் சாந்தோமில் ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்கும் ஆர்டர் போனது. எடுக்க வேண்டியது பக்கத்திலிருந்த காலி பங்களா. கதவு எண்ணைத் தப்பாக டைப் அடித்தவன் நான். படுத்த படுக்கையான அப்பாவுடன் டீச்சர் பதினைந்து நாளில் வெளியேற வேண்டும். எனக்குச் சோறு இறங்கவில்லை. அதிகாரியிடம் போய் ஒப்புக்கொண்டேன்.

"என் கையெழுத்து இருக்குல்ல? அப்புறம் எப்படிய்யா தப்பாகும்?" என்றார்.

டீச்சரின் தெருவிலேயே ஒரு சட்டக் கல்லூரிப் பேராசிரியர் இருந்தார். அவரும் சக பேராசிரியர்கள் இருவரும் சேர்ந்து பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள்: இந்த அதிகாரி எதையும் படிக்காமல் உத்தரவு போடுகிறார், டீச்சர் வீடே சாட்சி என்று. ஆனால் அவர்களும் சர்க்கார் சம்பளக்காரர்கள். பத்திரிகையில் எழுத அனுமதி வேண்டும். முறைப்படி கேட்டார்கள். மேலிடமும் முறைப்படி, சம்பந்தப்பட்ட அதிகாரியின் அபிப்பிராயம் கேட்டு, அந்தக் கடிதத்தை எங்களுக்கே அனுப்பிவைத்தது.

பதில் வரியைக் குமாஸ்தா எழுதிவைப்பதுதான் எங்கள் வழக்கம். "ஆட்சேபணை இல்லை" என்று எழுதினேன். உள்ளே போய், "சார், இந்த ஃபைல் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன்.

"கதை சொல்லாதேன்னேனா இல்லையா?"

விரலால் காட்டினேன். போட்டார்.

அடுத்த வாரம் கடிதம் அச்சில் வந்தது. "இவனுங்களுக்கு எவன்யா பர்மிஷன் குடுத்தது?" என்று கத்தினார். ஃபைலைக் கொண்டுபோய், வழக்கம்போல அவர் கையெழுத்தைக் காட்டினேன்.

அன்று பிற்பகலே பேராசிரியர் டீச்சருடன் வந்து உட்கார்ந்தார். குரலை உயர்த்தவேயில்லை.

"எங்க கடுதாசியைப் படிச்சேளா, படிக்கலையா? படிச்சேன்னா, உங்களுக்கே ஆட்சேபணை இல்லை. படிக்கலேன்னா, நாங்க எழுதினது வாஸ்தவம். எதைச் சொன்னாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை."

அதிகாரி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். டீச்சர் வீட்டு ஆர்டர் மாலைக்குள் ரத்தானது. டீச்சர் என்னைப் பார்த்துத் தலையசைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: மேலதிகாரியைப் படிக்க வைப்பது முடியாத காரியமல்ல. ஆனால் அவர் முதலில் படிப்பது உங்கள் காகிதமாகத்தான் இருக்கும். மறுநாளே என்னைத் திருநெல்வேலிக்கு மாற்றி உத்தரவு வந்தது. அதில் என் வீட்டுக் கதவு எண் தப்பாக டைப்பாகியிருந்தது. அதிகாரி அதை அடித்து, தன் கையாலேயே சரியான எண்ணை எழுதியிருந்தார்.