ஞானசெல்வியின் உழக்கு

நேசம்மாளைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் என் வாயைப் பற்றி எழுத வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டி அதட்டி வந்த பழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். என் வீட்டுக்காரர் அதை ஒரு நாளும் நம்பியதில்லை. இந்த வாயால் நேசம்மாளுக்கு இரண்டு முறை தீங்கு செய்தேன். மூன்றாம் முறை செய்தது தீங்கா நன்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. போன மாசியில் அவளைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தோம். இனி கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

நாகர்கோவிலின் மேற்கு ஓரத்தில் எங்கள் தெரு. தெருவின் கடைசி ஓலை வீடு அவளுடையது. புருஷன் பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போய் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். மிச்சம் ஒரு பெண் குழந்தை, ஞானசெல்வி. நேசம்மாள் மிஷனுக்கு ரேந்தை, அதாவது நூல் லேஸ், பின்னிக் கொடுத்துப் பிழைத்தாள். மடியில் திண்டு, திண்டு நிறைய குண்டூசி, ஊசிக்கு ஊசி நூல். வாயிலும் எப்போதும் இரண்டு மூன்று குண்டூசி இருக்கும். அதனால் பேச்சுக் குறைவு. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திண்டில் குத்திவிட்டுத்தான் சொல்வாள். அதற்குள் நான் நாலு விஷயம் பேசி முடித்திருப்பேன்.

அந்தக் காலத்தில் சந்தைக்குப் போகும் வழியில் 'பாலர் புத்தகச் சங்கம்' என்று ஒன்று ஒரு வாடகை அறையில் நடந்துகொண்டிருந்தது. பெயர்தான் பெரிது. முன்பு புண்ணாக்கு மூட்டை அடுக்கிய அறை. இரண்டு தகரப் பெட்டியில் புத்தகம், உட்கார ஒரு பாய். காசு வாங்காமல் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் புத்தகம் கொடுக்க வேண்டுமென்று ஜெபதாஸ் ஐயா தொடங்கியது. அவர் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். சனிக்கிழமைகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்னைப் போட்டார். பாயில் ஆறு பிள்ளைகள் உட்காரலாம். மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும். ஒருவர் எழுந்தால் ஒருவரை உள்ளே விடுவேன்.

1927 ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை ஞானசெல்வி வந்தாள். ஒன்பது வயது. யானைப் படம் போட்ட புத்தகம் ஒன்றைப் பாதி வாசித்திருந்தாள். மீதியை வாசிக்க வேண்டும். அன்று அவள் ஏழாவது ஆள்.

"உள்ள எடமில்ல மக்கா, அங்கன நில்லு. ஒனக்கு முறை வரும்" என்றேன்.

மழை பெய்தது. கூரைத் தண்ணீர் வாசலில்தான் விழும். நான் உள்ளே ஒரு பையனுக்கு எழுத்துக் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நினைவு வந்து வெளியே பார்த்தபோது அவள் பாவாடை முட்டுவரை ஒட்டிப்போய், கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றாள். வீட்டுக்குப் போ என்று சொல்லத் தோன்றவில்லை. முறை வந்ததும் உள்ளே விட்டேன். ஈரத்தோடு உட்கார்ந்து கடைசிப் பக்கம்வரை வாசித்துவிட்டுத்தான் போனாள்.

பதினாறு நாள் காய்ச்சலில் கிடந்து செத்துப்போனாள். மழையால் வந்ததல்ல, குடலில் வந்த விஷக்காய்ச்சல் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் 'உள்ள எடமில்ல' என்று சொன்னவள் நான். அது என் நெஞ்சைவிட்டுப் போகவில்லை.

மறு வருஷம் ஜெபதாஸ் ஐயா சொந்தக் கட்டடம் கட்ட வேண்டுமென்று கிளம்பினார். ஐம்பது பிள்ளைகள் உட்காரும்படி, ஓடு போட்டு. பெரிய மனிதர்களிடம் நன்கொடைக்கு அவர் போனார். தெருப் பெண்களிடம் பிடியரிசி வாங்க நான் போனேன். பிடியரிசி எங்கள் சபைப் பெண்களுக்குப் புதிதல்ல. உலைக்கு அளந்த அரிசியைக் கழுவுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்போம். சனிக்கிழமை ஒருத்தி கடவம் என்கிற பெரிய ஓலைப்பெட்டியோடு வந்து வாங்கிக்கொண்டு போவாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அதை விற்று எந்தக் காரியத்துக்கோ அந்தக் காரியத்துக்குக் கொடுப்போம். சபையில் சேராத வயல்பக்கத்து உலகம்மைகூட, "மண்டைக்காட்டு அம்மைக்கு ஒரு பிடி, உங்க புத்தகத்துக்கு ஒரு பிடி" என்று போட்டுத் தந்தாள். அவள் பிள்ளைகளும் அந்தப் பாயில் வாசித்தவர்கள்தான்.

நேசம்மாள் வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. மூன்றாம் வாரம் அவளே கூப்பிட்டாள். கலயம் அல்ல, ஒரு சிறு பானை. அதில் ஏழு உழக்கு அரிசி. நாளுக்கு ஒரு உழக்கு, ஒரு ஆள் வயிறாரச் சாப்பிடும் சோறு. வாராவாரம் அப்படியே தந்தாள்.

இங்கேதான் என் வாய் மறுபடியும் தன் வேலையைக் காட்டியது. மாதர் சங்கக் கூட்டத்தில் எழுந்தேன். நாலு பேர் சம்பாதிக்கிற வீடுகளில் பூனைக்குப் போடுகிற அளவு அரிசி வருகிறது என்றேன். ரேந்தை நூலில் பிழைக்கிற ஒரு விதவை தன் வயிற்றைக் கட்டி ஏழு உழக்குத் தருகிறாள் என்று நேசம்மாளைக் கையைக் காட்டிச் சொன்னேன். வேதத்தில் தன்னிடம் இருந்த இரண்டு காசையும் காணிக்கைப் பெட்டியில் போட்ட விதவையையும் விடவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே போனேன். திண்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துக் குத்தினாள்.

"அக்கா, என்னைய அப்பிடிச் சொல்லாதுங்க. நான் ஒண்ணும் வயித்தக் கட்டல்ல. எனக்குள்ளத நான் தின்னுகேன்."

"பின்ன அது ஆருக்க அரிசி நேசம்மா?"

"பிள்ளைக்க அரிசி."

அவளே மெதுவாகச் சொன்னாள்.

"ஒத்தைக்கு அளக்க கை வரல்ல அக்கா. எனக்கு ஒரு உழக்கு, அவளுக்கு ஒரு உழக்குன்னு அளந்து பழகின கை. அளந்தப் பெறவுதான் நெனவு வருது. அளந்ததத் திரும்பப் பானையில போட்டா, அவ இல்லேன்னு நானே சொன்னது போல ஆகும்லா. மொதல்ல கோழிக்குப் போட்டேன். பிள்ளைக்க சோத்தக் கோழி தின்னுகதப் பாத்துட்டிருக்க முடியல்ல. அப்பதான் நீங்க கடவத்தத் தூக்கிட்டு வந்திய. புத்தக வீடு பெருசா வந்தா அவளுக்கும் உள்ள ஒரு எடம் கிடைக்கும்லா. அவ அரிசி அதுக்குப் போட்டும்னு நெனச்சேன்."

அவள் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவளுக்கு அந்தப் புத்தி கிடையாது. ஆனால் எனக்குக் குத்தியது. வீட்டுக்கு வந்து அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன்.

இந்த விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் வாய் அடைத்துக் கிடந்த ஒரே விஷயம் அதுதான். ஐந்து வருஷம் வாராவாரம் அந்தப் பானையை என் கையால் கடவத்தில் கவிழ்த்தேன். மற்ற வீடுகளில் அரிசி குறைந்தது, கூடியது, சில வீடுகளில் நின்றே போனது. அந்த வீட்டில் மட்டும் ஒரு வாரமும் மாறியதில்லை. காய்ச்சல் வந்து அவளே கஞ்சித்தண்ணீர் மட்டும் குடித்த வாரமும் ஏழு உழக்கு இருந்தது.

1933இல் கட்டடம் முடிந்தது. நல்ல கட்டடம்தான், குறை சொல்லக் கூடாது. மயிலாடியிலிருந்து கல் வெட்டிக் கொண்டுவந்து வாசலில் பதித்தார்கள். அதில் பணம் தந்த ஐந்து பேர் பெயர்களும் பட்டங்களோடு இருந்தன. அடியில் சின்ன எழுத்தில் 'மாதர் பிடியரிசி' என்று ஒரு வரி. அத்தனை பெண்களின் அடுப்படிக்கும் அந்த ஒரு வரி போதும் என்று ஆண்களுக்குத் தோன்றியிருக்கிறது. திறப்பு விழா முடிந்ததும் ஜெபதாஸ் ஐயா சந்தோஷமாகச் சொன்னார்:

"டீச்சரம்மா, இனி கடவத்துக்கு ஓய்வு குடுங்க. பிடியரிசி வேண்டாம்னு வீடு வீடாச் சொல்லிருங்க."

சொல்லிக்கொண்டே வந்தேன். எல்லா வீட்டிலும் சிரித்தார்கள். கடைசி வீட்டுக்கு வந்தபோதுதான் என் கால் நின்றது. அந்தக் கட்டடம் எழும்ப எழும்ப இந்த வீட்டுக்கு என்ன நடக்கப் போகிறது என்று ஐந்து வருஷத்தில் ஒரு நாளாவது நினைத்தேனா? இல்லை.

அவளிடமும் சொன்னேன். அவள் ஊசிகளை எடுத்துக் குத்தினாள். அன்று நாலு ஊசி இருந்தது.

"அப்ப நாளைக்குப் பிள்ளைக்க உழக்க நான் எங்க போட அக்கா?"

குரலில் அழுகை இல்லை. வழி கேட்பதுபோலக் கேட்டாள். அதைத் தாங்க முடியாமல்தான் பொய் சொன்னேன்.

"ஏட்டி, நான் சொல்லி முடிக்கல்ல. பின்னால ஒரு அறை பாக்கி கிடக்கு. மத்தவங்க வேண்டாம். ஒனக்க அரிசி மட்டும் வேணும்."

அவள் தலையாட்டினாள். புதுக் கட்டடமும் சந்தை வழியில்தான் இருந்தது. பிள்ளை செத்த நாளிலிருந்து அவள் அந்த வழியில் நடந்ததில்லை. ரேந்தையைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் குளத்தங்கரையைச் சுற்றித்தான் போவாள். அதனால் பொய் நின்றது. இரண்டு வருஷம் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் கடவம் எடுத்துக்கொண்டு போனேன். அந்த அரிசியை விற்க எனக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமைகளில் கட்டடத்தின் பின்னால் அடுப்புக் கூட்டி, வாசிக்க வரும் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றினேன்.

1935 ஐப்பசியில் எனக்கு முட்டுவலி. தெருவின் கடைசிவரை கடவத்தோடு நடக்க முடியாமல் இரண்டு வாரம் நேரே கட்டடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது சனிக்கிழமை நல்ல மழை. வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. நேசம்மாள். தலையில் ஓலைக்குடை, இடுப்பில் பானை. இரண்டு வார அரிசி.

"நீங்க வரல்லேன்னு நானே கொண்டாந்தேன்" என்றாள். பிறகு சுற்றிப் பார்த்தாள். "பின்னால அறை எங்க அக்கா?"

"அறை இல்ல நேசம்மா. கஞ்சி காய்ச்சிப் பிள்ளைகளுக்கு ஊத்தினேன்."

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் பானையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே பார்த்தாள். அன்று முப்பது பிள்ளைகளுக்கு மேல் இருந்தார்கள். பெஞ்சுகளிலும் தரையிலுமாக உட்கார்ந்து ஆளுக்கொரு புத்தகத்தைச் சத்தம்போட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை கொட்டியது. வாசலில் அவளைத் தவிர ஒருவரும் நிற்கவில்லை.

"பிள்ளைய எல்லாம் உள்ள இருக்கு" என்றாள். பிறகு ஜன்னலோரப் பெஞ்சைக் காட்டினாள். "அங்கன இன்னும் ஒரு பிள்ளைக்கு எடம் இருக்கு அக்கா."

பதினாலு உழக்கையும் கஞ்சிப் பானையில் போட்டுவிட்டு, மழை விடுவதற்கு முன்னே போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை வலியோடு வலியாகக் கடவத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவள் ரேந்தை பின்னிக்கொண்டிருந்தாள். பிடியரிசிப் பானையைக் கழுவி முற்றத்து வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தாள். நான் அதைப் பார்ப்பதைப் பார்த்ததும் ஊசிகளை எடுத்தாள்.

"இந்த வாரம் கை ஒத்தைக்குத்தான் அளந்துது அக்கா" என்றாள்.

வெறுங்கடவத்தோடு வீட்டுக்கு வந்தேன்.