மஞ்சள் தட்டு

இன்று காலை ஜெலுத்தோங்கிலிருந்து பஸ் பிடித்து ஆய்வகத்துக்குள் நுழைந்தால், நான் மூன்று வாரமாகக் கண்ணாடித் தட்டில் வளர்த்த பாக்டீரியா குப்பைப் பையில் கிடக்கிறது.

சுத்தம் செய்யும் செல்வி அக்காவிடம் ஓடினேன்.

“மஞ்சளா ஆயிடுச்சில்ல தம்பி, கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். பக்கத்துல இருந்த வெள்ளத் தட்ட பத்திரமா வச்சிருக்கேன்லா.”

நல்லவேளை, மஞ்சள் தட்டின் மூடி திறக்கவில்லை. எனக்குப் போன உயிர் வந்தது.

“அக்கா, அந்த மஞ்ச நிறந்தான் கிருமியோட தோல விறைப்பாக்குது. ஐஸ்ல உறைய வச்சாலும் தாங்கும். நிறமில்லாத வெள்ளதான் சீக்கிரம் ஒடஞ்சிரும்.”

அக்கா தட்டை ஏற இறங்கப் பார்த்தார்.

கேண்டீனில் ஒரு தே குடித்துவிட்டு வந்தால், தட்டின் மூடியில் அவர் கையெழுத்து: “மஞ்சள்தான் கெட்டி. வீசாதீங்க.”

என் இரண்டு வருட ஆராய்ச்சியை மூன்றே சொற்களில் முடித்துவிட்டார்.

இனி கட்டுரையில் நான் என்னதான் எழுதுவது, நீங்களே சொல்லுங்கள்.