ஏழாம் நம்பர் மலைக்கு வழி

மலையேறும் ஆசையில் இதைத் திறந்தவர்கள் இப்போதே மூடிவிடலாம். மகாவலி ஆறு கொண்டுவரும் சேற்றால் மூதூர்க் கரையும் அங்குள்ள மீனவர் பிழைப்பும் என்ன ஆகின்றன என்று பார்க்கும் ஆய்வுக் குழுவில் நானும் ஒருத்தி. மழையின் போக்கு மாறியதிலிருந்து சேறு கூடிவிட்டது. அது புறப்படும் இடத்தைப் பார்த்து வரும்படி போன மாதம் என்னை டயகமவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஏழாம் நம்பர் மலை வெடித்துப் பிளந்திருக்கிறது, மண் சரிந்தால் கீழே பதினொரு குடும்பங்கள் இருக்கின்றன என்று தோட்டத்து ஆசிரியர் ஒருவர் தகவல் தந்திருந்தார். வெடிப்பை அளந்து அறிக்கையில் சேர்த்தால், அவர்களை இடம் மாற்றும் பட்டியலில் போடுவதாக அலுவலகம் சொல்லியிருந்தது.

ஹட்டனில் காலை 6.40 பஸ். அளவுக் கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு அதைச் சரியாமல் பிடித்தபடி 9.25க்கு டயகமவில் இறங்கினேன். அங்கிருந்து தோட்டத்துக்கு ஆட்டோ 800 ரூபாய். மலைக்குப் போக வேண்டும் என்றேன். “எந்த மலைங்க?” என்று ஓட்டுநர் கேட்டார். கேட்ட மனிதருக்குப் பதில் சொல்லாமல், எல்லாம் தெரிந்தவள் மாதிரி எதிரே தெரிந்த உச்சியைக் கை காட்டினேன். அவரும் அதன் அடிவாரத்தில் இறக்கிவிட்டார்.

ஒன்றே முக்கால் மணி நேரம் ஏறினேன். இரண்டு கால்களிலும் அட்டை. மேலே பனிமூட்டத்தைத் தவிர ஒன்றும் இல்லை. வெடிப்பும் இல்லை, அலைபேசியில் சிக்னலும் இல்லை. ஆசிரியரைத் திட்டிக்கொண்டே இறங்கினேன்.

ஒரு மணி தாண்டி தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் போனால், எனக்கு வழிகாட்ட ஆசிரியர் சொல்லிவைத்திருந்த புஷ்பராணி அக்கா பத்து மணியிலிருந்து காத்திருக்கிறார். அங்கே தேயிலைக் கொழுந்து எடுப்பவர். எனக்காக அன்றைக்கு அரைப் பேரை, அதாவது பாதி நாள் சம்பளத்தை, விட்டிருந்தார். நான் எங்கே போனேன் என்று கேட்டுவிட்டு, கோபிக்காமல் சொன்னார்:

“மலைன்னா நாங்க கொழுந்து எடுக்கிற எடங்க. நீங்க ஏறிட்டு வந்தது காடு.”

ஏழாம் நம்பர் மலை என்பது தோட்டத்தின் ஒரு தேயிலைத் துண்டு நிலத்தின் பெயர். அது அவருடைய வீட்டுக் குசினிக்குப் பின்னால்தான் இருந்தது. எனக்கு வந்த எரிச்சலை யார்மேல் காட்டுவது? வெடிப்புக்குள் என் கை முழங்கை வரை போனது. தேயிலை வரிசைகள் கீழே சரிந்து நின்றன. மழை பிடித்துவிட்டது. கடைசி பஸ்ஸுக்கு முன் அளக்கவும் படம் எடுக்கவும் கிடைத்தது இருபது நிமிடம்தான். “பெரிய மழைக்கு முந்தி எங்கள மாத்த வருவாங்களா?” என்று அக்கா கேட்டார். அறிக்கை மறுநாளே போய்விடும் என்றேன்.

போகிறவர்களுக்கு: அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் கொண்டுபோங்கள். மதியம் இரண்டுக்குப் பிறகு மழை பிடிக்கும், வேலை வைக்காதீர்கள். எந்த மலை என்று யாராவது கேட்டால், தயவுசெய்து நின்று பதில் சொல்லுங்கள்.

அறிக்கை மறுநாளே போனது. ஐந்தாம் நாள் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. ஏழாம் நம்பர் மலை என்று வரைபடத்தில் எந்த மலையும் இல்லையாம், சரியான பெயரோடு மறுபடி அனுப்ப வேண்டுமாம். அதை நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா அழைத்தார். இரண்டு நாளாக மழை, எல்லாரும் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தில் படுக்கிறார்களாம்.

“பட்டியல்ல எங்க பேரு ஏறிருச்சுங்களா?” என்றார்.

அனுப்பிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.