விசாலாக்ஷி தேர்ந்தெடுத்த கட்டர்

விசாலாக்ஷிக்குச் சுருட்டு வாடையே ஆகாது. ஆனாலும் சுருட்டின் நுனியை வெட்டுகிற கட்டரை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்த அளவு மயிலாப்பூரில் வேறு எந்தப் பெண்மணிக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

அவள் கணவர் கபாலி கப்பல் கம்பெனியில் பெரிய வேலையில் இருந்தவர். வெளிநாட்டுக்காரர்களோடு பழகியதில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் பால்கனியில் ஒரு சுருட்டு என்று ஆகிப்போனது. விசாலாக்ஷி சண்டை போட்டுப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள், கடைசியில் விட்டுவிட்டாள். ஒன்றை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. சுருட்டு நுனியை அவர் அவளுடைய பழம் நறுக்குகிற கத்தியால் அறுத்தார். ஆப்பிள் துண்டில் புகையிலை நாறியது.

அதனால்தான் அவருடைய அறுபதாவது பிறந்த நாளுக்கு ஒரு நல்ல கட்டர் வாங்கிக் கொடுப்பது என்று முடிவு செய்து, தேனாம்பேட்டையில் அமீன் என்பவரின் கடைக்குப் போனாள். பேனா, லைட்டர், சுருட்டுச் சாமான்கள் விற்கிற சின்னக் கடை. அமீன் கண்ணாடி மேஜை மேல் நாலைந்தை எடுத்து வைத்தார்.

"இது ஒத்தை பிளேடு மேடம். ஒரு பக்கத்துல இருந்து அழுத்தும், இலை நசுங்கும். இது ரெட்டை பிளேடு. ரெண்டு பக்கமும் வந்து நடுவுல சேரும், சுத்தமா வெட்டும்."

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் விசாலாக்ஷி. சொன்னதை அப்படியே நம்புகிற வழக்கம் இல்லை. "வெட்டிக் காட்டுங்கோ" என்றாள். அமீன் மலிவுச் சுருட்டுகள் சிலவற்றைக் கொண்டுவந்தார். அவளே வாங்கி ஒவ்வொரு கட்டரிலும் வெட்டிப் பார்த்தாள். கடைக்கு வந்த ஆண்கள் வேடிக்கை பார்த்தார்கள். பிளேடு ஆடுகிறதா என்று ஆட்டிப் பார்த்தாள். தங்க முலாம் பூசியதைத் தள்ளி வைத்தாள். தடிச் சுருட்டும் நுழைகிற மாதிரி வாய் அகலமாக, கையில் கனமாக உட்கார்ந்த வெறும் எஃகுக் கட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டாள். சாரின் பெயரைப் பொறித்துத் தரட்டுமா என்று அமீன் கேட்டார். "பேரெல்லாம் எதுக்கு? அவருக்குத் தெரியும்" என்றாள்.

கபாலிக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினார். "ஆத்துக்காரி செலக்‌ஷன்!"

மூன்று வருஷம் கழித்து அவருக்கு மார்வலி வந்தது. பைபாஸ் பண்ணினார்கள். இனிமேல் புகை கூடவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். வீட்டுக்கு வந்து மெல்ல நடக்கப் பழகிய நாட்களில் ஒரு சாயங்காலம், அவர் கட்டரைக் கொண்டுவந்து விசாலாக்ஷியின் உள்ளங்கையில் வைத்தார்.

"இனிமே இது ஒங்கிட்டயே இருக்கட்டும் விசாலம். எனக்கு வேண்டாம்."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நீங்க இதை விட்டேள்னா நான் காபியை விட்டுடறேன்" என்றாள்.

"அதெல்லாம் எதுக்கு?" என்றார் அவர்.

விட்டுவிட்டாள். முதல் வாரம் தலைவலி மண்டையைப் பிளந்தது. கல்யாண வீடுகளில் டபராவோடு துரத்தினார்கள். "நான் விட்டாச்சு" என்று சிரித்துக்கொண்டே வெந்நீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். ஏன் விட்டாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. அது அவர்கள் இரண்டு பேருக்குள் இருக்கிற விஷயம் என்று நினைத்தாள்.

கட்டரைப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்தாள். பண்டிகைக்குப் பண்டிகை வெளியே எடுத்துத் துடைப்பாள். கடற்காற்றில் எஃகு துருப்பிடித்துவிடுமே என்று தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவாள். தேடித் தேடி வாங்கிய சாமான் வீணாகப் போக அவளுக்கு மனசு வரவில்லை.

கபாலியும் உடம்பைக் கவனித்துக்கொண்டார். சனிக்கிழமைதோறும் அடையாறில் இருக்கிற காலேஜ் சிநேகிதர் ஸ்ரீநாத் வீட்டுக்குப் போவார். இருவரும் கடற்கரையில் நடப்பார்கள். ஸ்ரீநாத் வீட்டிலேயே குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு, வாயில் ஏலக்காயோடு திரும்புவார். மாற்றுச் சட்டையையும் டவலையும் பையில் எடுத்து வைப்பது விசாலாக்ஷிதான். ஸ்ரீநாத் சுருட்டுப் பிடிக்கிறவர். ஆனால் கபாலி எதிரில் தொடுவதில்லை என்று அவளிடம் சத்தியம் செய்திருந்தார். "மன்னி, நானாச்சு" என்றிருந்தார்.

அந்த ஸ்ரீநாத்தின் பிறந்த நாள் வந்தது. இவ்வளவு செய்த மனிதருக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்தவளுக்குப் பீரோவில் சும்மா கிடக்கிற கட்டர் ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்த்தால் பிளேடு நகரவில்லை. கபாலியிடம் சொல்லாமல் ஆட்டோ பிடித்துத் தேனாம்பேட்டைக்குப் போனாள்.

அமீன் முன்னைவிட நரைத்திருந்தார். அவளை உடனே அடையாளம் தெரிந்துகொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். கட்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒண்ணும் கெடலை மேடம். மிஷின் எண்ணெய் விட்டீங்களா? அது தூசியோட சேர்ந்து பசை மாதிரி பிடிச்சிக்கும். இதுக்கு எண்ணெயே வேணாம். வெதுவெதுப்பான தண்ணியில மெல்லிசு பிரஷ் வெச்சு கழுவி, உடனே ஈரம் இல்லாம துடைச்சாப் போதும்." பேசிக்கொண்டே கழுவித் துடைத்துவிட்டு, பிளேடை நகர்த்திக் காட்டினார். "பாருங்க, புதுசு மாதிரியே கீது. இதுல ஒரு சுருட்டுகூட வெட்டலை போல."

"மூணு வருஷம் தினமும் வெட்டினார்."

"அது பழசு மேடம். நீங்க வாங்கினது. போன மாசம்கூட சார் சர்வீஸுக்குக் கொண்டாந்தார், புகையிலைப் பிசின் ஏறிப்போயிருந்துச்சு. இது அப்புறமா வாங்கினது. ஆபரேஷன் முடிஞ்சு வந்து, அதே மாதிரி இன்னொண்ணு வேணும்னாரே? நீங்ககூட வாசல்ல ஆட்டோவுல இருந்தீங்க. நான் வணக்கம் சொன்னேன்."

அவளுக்கு ஞாபகம் வந்தது. பேனா ரிப்பேர் என்று சொல்லி இறங்கினார். படி ஏறும்போது கைத்தாங்கல் கொடுக்கட்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம், நீ உட்கார் என்றார்.

அமீன் முகம் மாறியது. "ஏதாச்சும் தப்பா சொல்லிட்டேனா மேடம்?"

"இல்லை. நீங்க ஒண்ணும் தப்பா சொல்லலை."

ஆட்டோவில் உட்கார்ந்ததும் நந்தனத்தில் இருக்கிற மகள் ஷ்ரேயாவுக்குப் போன் போட்டாள். யாரிடமாவது சொல்லி அழ வேண்டும்போல் இருந்தது. "அப்பா இன்னும் சுருட்டுப் பிடிக்கறார்டி" என்றாள்.

"யாரும்மா சொன்னா?" என்றாள் ஷ்ரேயா.

அந்தக் கேள்வியிலேயே விசாலாக்ஷிக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"ஒனக்குத் தெரியுமா?"

"துபாய் போறச்சே ரெண்டு மூணு தடவை வாங்கிண்டு வந்தேன். அப்பா அவ்வளவு கெஞ்சினார்மா. நீ தாங்கமாட்டேன்னுதான்..."

விசாலாக்ஷி போனை அணைத்துவிட்டாள்.

வீட்டில் கபாலி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் கட்டரை வைத்தாள்.

"பழசு ஸ்ரீநாத் ஆத்துலயா இருக்கு?"

அவர் பேப்பரை மடித்தார். மறுபடியும் பிரித்தார். "வாரத்துக்கு ஒண்ணுதான் விசாலம். நீ பயப்படுவியேன்னு..."

"நான் எதை விட்டேன்னு தெரியுமோல்லியோ?"

"காபியா? அதை நானா விடச் சொன்னேன்? குடியேன், யார் வேண்டாம்னா?"

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரல் உயரவில்லை.

"விடணும்னு நெனச்சு, முடியாம திரும்பப் பிடிச்சிருந்தேள்னா எனக்குப் புரிஞ்சிருக்கும். மனுஷாளுக்கு அது சகஜம். நீங்க தையல் ஆறறதுக்குள்ள, என்னை வாசல்ல உக்கார வெச்சுட்டு, எங்கிட்ட குடுக்கறதுக்குன்னே ஒண்ணு வாங்கியிருக்கேள். என் கையில வெக்கறச்சே ஒங்களுக்குக் கை நடுங்கலையா?"

கபாலி பேப்பரை வைத்துவிட்டு எழுந்து பால்கனிக்குப் போனார்.

பிறந்த நாளுக்கு அவள் போகவில்லை. மறுநாள் ஸ்ரீநாத்தே வந்து வாசலில் நின்றார். "மன்னி, தப்புதான். மன்னிச்சுடுங்கோ."

"நான் எடுத்து வெச்ச டவலெல்லாம் ஒங்காத்து மாடில நன்னா காஞ்சுதா?" என்று கேட்டாள் விசாலாக்ஷி. அவர் உள்ளே வராமலே போய்விட்டார்.

அடுத்த மாதம் இதய டாக்டரிடம் போக வேண்டிய முறை. ஒவ்வொரு தடவையும் "ஸ்மோக்கிங்?" என்று டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் விசாலாக்ஷிதான் முந்திக்கொண்டு, "அன்னிக்கு விட்டவர்தான் டாக்டர், தொடலை" என்பாள். கொஞ்சம் பெருமையாகவே சொல்வாள். இந்தத் தடவை டாக்டர் கேட்டதும், "அவரையே கேளுங்கோ" என்றாள்.

கபாலி அவளைப் பார்த்தார். அவள் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை மட்டும்" என்றார் மெதுவாக.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் திரும்பியது விசாலாக்ஷி பக்கம். "அம்மா, நீங்கதானே சுத்தமா நிறுத்திட்டார்னு சொல்லிட்டிருந்தீங்க? அதை வெச்சுதானே நான் மருந்து குறைச்சேன்?"

"ஆமா டாக்டர்" என்றாள் அவள். "நான்தான் சொன்னேன்."

அன்று பிடித்த பயத்தில் கபாலி நிறுத்திவிட்டார் என்றுதான் தெரிகிறது. சனிக்கிழமை அடையாறுக்குப் போவதில்லை. வெளியே போய்விட்டு வந்தால், "வாயை ஊதிக் காட்டட்டுமா?" என்கிறார். "நான் போலீஸ் இல்லை" என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கிறாள். ஷ்ரேயாவோடு பேசுகிறாள், பேரனைப் பற்றி, சமையலைப் பற்றி. அதற்கு மேல் வாய் வருவதில்லை. காபியும் பிடிக்காமல் போய்விட்டது. ஒரு நாள் போட்டுக் குடித்துப் பார்த்தாள், வெறும் கசப்பாக இருந்தது.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கபாலி கேட்டார். "இப்போவாவது நம்பறியா விசாலம்?"

ரசம் விடப் போன கரண்டியை அவள் நிறுத்தினாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"தெரியலை" என்றாள். "நம்பணும்னுதான் பாக்கறேன்." ரசத்தை விட்டாள். அவர் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.