எனக்கு எட்டாத பொத்தான்

"இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு ரிசப்ஷன்ல நிக்கப்போறியாக்கும்?" என்று சித்தி சிரித்தாள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய்ப் பட்டமும் வாங்கியவள் நான். பீர்மேட்டில் ஒரு ரிசார்ட்டில் வேலை கேட்டு நானும் சித்தி மகளும் சேர்ந்தே போனோம். முன்பு வேலை பார்த்த பெண் விட்டுப்போன நீலக் கோட்டை மேனேஜர் நீட்டினார். எனக்குப் பொத்தான் எட்டவில்லை. பிளஸ் டூவில் தோற்ற சித்தி மகளுக்கோ அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. வேலையும் அவளுக்கே கிடைத்தது.

தினமும் அவள் ஜீப்பில் ஏறும்போது அவள் இடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்பேன். நாளைக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகாவது இவள் ஊதமாட்டாளா என்றுகூட நினைத்திருக்கிறேன்.

போன வாரம் ரிசார்ட்டிலிருந்து போன் செய்தாள். "அக்கா, வெள்ளக்காரர் என்னமோ கேக்காரு, நீயே பேசேன்." பேசினேன். அவர் அறையில் வெந்நீர் வரவில்லையாம். சரிசெய்யச் சொல்வதாக ஆங்கிலத்தில் சமாதானப்படுத்தினேன்.

சாயங்காலம் வந்து, "நல்லா சமாளிச்சேன்னு மேனேஜர் என்னயப் பாராட்டுனாருக்கா" என்றாள்.

மறுநாளே எனக்கும் ஒரு நீலக் கோட் தைக்கத் தையற்கடைக்குப் போனேன். "வயித்த எக்காதம்மா, அளவு தப்பும்" என்றார் தையல்காரர். மூச்சை விட்டேன். கோட் நேற்று வந்துவிட்டது. அதைப் போட்டு எடுத்த படத்துடன் குமுளியில் ஒரு ரிசார்ட்டுக்கு விண்ணப்பமும் அனுப்பிவிட்டேன்.